கட்டடம் கட்டுவோர் எழுதிவைக்க வேண்டியவை

(மன்றத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



கட்டட வேலை பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி என்னைப் பணித்தீர்கள். இந்த அவையில் அப்பேச்சைக் கேட்பதற்கு உரியோர் இரு சாரார் இருக்கின்றனர். ஒரு சாரார் பெரியோர்கள். கோயில் திருப்பணிச் சபைகளிலும், பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களிலும், வாசிகசாலைக் குழுக்களிலும் இருந்து, ஊர்ப் பணத்தைச் சேர்த்து, மண்டபமும் மடமும் வகுப்பறையும் எழுப்புகின்றவர்கள் அவர்கள். மற்றைய சாரார் இளைஞர்கள். நாளை பொறியியலாளராகவும், படவரைஞராகவும், மேற்பார்வையாளராகவும், கணக்கெழுதுவோராகவும் அமர்ந்து, அதே கட்டடங்களின் பத்திரங்களைத் தயாரிக்கப் போகின்றவர்கள் இவர்கள். பணத்துக்குப் பொறுப்பாளர் அவர். பத்திரத்துக்குப் பொறுப்பாளர் இவர். இவ்விருவரும் கூடிச் செய்யக்கூடிய ஒரு காரியத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

கட்டடப் பொருள்களினால் வளிமண்டலத்திற் சேரும் காபனீரொட்சைட்டு வாயுவைக் குறைக்க வேண்டும் என்று இன்று எல்லோரும் சொல்லுகின்றார்கள். கூட்டத்திற் பேசுகின்றோம், தீர்மானமும் நிறைவேற்றுகின்றோம். ஆனால் ஒப்பந்தக்காரர் கூட்டத் தீர்மானத்தைப் பார்த்து விலை போடுவதில்லை. கேள்விப் பத்திரத்தோடு தம் கைக்கு வரும் விவரக்கூற்றைப் பார்த்தே விலை போடுகின்றார். அங்கே எழுதாதது விலையில் வராது. விலையில் வராதது வேலையில் வராது. ஆதலால் நமது விருப்பத்தை அந்த விவரக்கூற்றிலே, இலக்கத்தோடும் சோதனையோடும் எழுதிவைத்தல் வேண்டும். இதுவே நான் சொல்ல வந்தது. ஏன் எழுத வேண்டும், எதை எழுத வேண்டும், எப்படி எழுதினால் ஏமாற மாட்டோம் என்பவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

சீமெந்தின் கணக்கு

இன்று நாம் பாவிக்கும் போட்லன்ட் சீமெந்துக்கு 1824 ஆம் ஆண்டிலே காப்புரிமை பெற்றவர் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தைச் சேர்ந்த யோசேப் ஆஸ்ப்டின் என்னும் கொத்தர். இரு நூற்றாண்டுகளில் அது உலகத்தை ஆண்டுவிட்டது. ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 400 கோடி தொன் சீமெந்தை உலகம் செய்கின்றது. மனிதரால் வெளிவிடப்படும் காபனீரொட்சைட்டில் நூற்றுக்கு 7 அல்லது 8 பங்கு அதனால் உண்டாவது.

ஏன் இத்துணை? விறகையும் நிலக்கரியையும் எரிப்பதனால் மாத்திரம் என்று பலர் எண்ணுகின்றனர். பாதிக்கு மேற்பட்ட பங்கு எரிபொருளிலிருந்து வருவதன்று. பாடசாலையில் இரசாயனம் படிக்கும் பிள்ளைகள் இதனை உடனே கண்டுகொள்வர். சுண்ணாம்புக்கல் என்பது கல்சியங் காபனேற்று. 100 கிலோ சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிலோ காபனீரொட்சைட்டாகப் புகைபோக்கி வழியே போய்விடும். சூளையைச் சூரிய வெப்பத்தினாலே சூடாக்கினாலும் இந்த 44 கிலோ போயே தீரும்; அது கல்லுக்குள்ளேயே இருந்தது. இதனோடு களிமண்ணையும் சேர்த்து ஏறத்தாழ 1450 பாகை வெப்பத்திற் சுடும்போது பிறக்கும் கரிய உருண்டையே கிளிங்கர். அதனைச் சிறிது ஜிப்சத்தோடு அரைத்தால் சாதாரண சீமெந்து. மொத்த உமிழ்வில் ஏறக்குறைய நூற்றுக்கு 60 பங்கு கல்லிலிருந்தும், மீதி எரிபொருளிலிருந்தும் மின்சாரத்திலிருந்தும் வருகின்றன.

ஆகவே, 50 கிலோ கொண்ட ஒரு பை சாதாரண சீமெந்துக்குப் பின்னால் 40 முதல் 45 கிலோ வரை காபனீரொட்சைட்டு நிற்கின்றது என்று மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள். கடையிலே பையைத் தூக்கும்போது கிட்டத்தட்ட அதேயளவு பாரமான மற்றொரு பையை வானத்துக்கு அனுப்பிவிட்டே தூக்குகின்றோம்.

இக்கணக்கு நமக்குப் புதிதன்று. காங்கேசன்துறையிலே 1950 இல் உற்பத்தியைத் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை, போரினால் 1990 இல் நின்றுபோகும் வரையும் வடபகுதியின் பெருந்தொழிலாய் இருந்தது. அதற்கு உணவாகிய சுண்ணாம்புக்கல், யாழ்ப்பாணக் குடாநாட்டின் நன்னீரைத் தன்னுள்ளே தாங்கி நிற்கும் அதே பாறை. கிணற்று நீரும் சீமெந்தும் ஒரே பாறையிலிருந்து வருகின்றன என்பதை அறிந்தவர்களுக்குச் சீமெந்தைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும் என்று வேறு உபதேசம் வேண்டியதில்லை. இன்று இந்நாட்டிலே சுண்ணாம்புக்கல்லிலிருந்து கிளிங்கர் சுடுவது புத்தளத்தில் மாத்திரமே. மற்றவை பெரும்பாலும் கிளிங்கராகவோ, அரைத்த சீமெந்தாகவோ கப்பலேறி வருகின்றன. காபனோடு அந்நியச் செலாவணியும் சேர்ந்து போகின்றது.

குறைப்பது எங்ஙனம்?

கிளிங்கரில் ஒரு பகுதியை வேறு பொருளால் ஈடுசெய்யலாம். உரோமர் பொற்சுவோலி என்னும் ஊரின் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்து கட்டினர். இன்று நமக்கு அருகே கிடைப்பது அனல்மின் நிலையத்துப் பறக்குஞ் சாம்பல். நுரைச்சோலையில் 2011 இல் முதற்கட்டமும் 2014 இல் மற்றவையும் இயங்கத் தொடங்கிய 900 மெகாவாற்று நிலையம் நிலக்கரியை எரித்து இச்சாம்பலைத் தள்ளுகின்றது. காற்றிலே பறந்தால் அயலூராருக்குத் துன்பம். கொங்கிறீற்றுக்குள் அடைபட்டால் வலு. இச்சாம்பலிலுள்ள சிலிக்கா, சீமெந்து நீரோடு சேரும்போது விடுபடும் சுண்ணாம்பைப் பற்றிக்கொண்டு மேலும் பசைப்பொருளை உண்டாக்குகின்றது. கொங்கிறீற்றின் நுண்டுளைகள் அடைபடுகின்றன. உப்பு உள்ளே ஊடுருவிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்வது தாமதமாகின்றது. கடற்காற்று வீசும் ஊர்களில் இருக்கும் நமக்கு இதுவே பெரிய இலாபம்.

இரும்பாலைக் கசட்டை அரைத்துச் சேர்ப்பதும் உண்டு. சுவிற்சர்லாந்தின் லோசான் நகரத்திலுள்ள தொழினுட்பப் பல்கலைக்கழகத்திலே பேராசிரியர் கரென் ஸ்கிரிவெனர் அம்மையாரும், கியூபாவையும் இந்தியாவையும் சேர்ந்த ஆராய்ச்சியாளர்களும் கூடி உருவாக்கிய வேறொரு சீமெந்தும் இருக்கின்றது. அதிலே கிளிங்கர் பாதிதான். மீதியிற் பெரும்பங்கு 700 முதல் 850 பாகை வரை சுட்ட களிமண். அதனோடு சுடாத சுண்ணாம்புக்கல்லும் சிறிது ஜிப்சமும் சேரும். உமிழ்வு நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு வரை குறைகின்றது. நிலக்கரி நிலையங்கள் என்றோ ஒருநாள் மூடப்படும். அன்று சாம்பலும் நின்றுவிடும். வெண்களி பொரலஸ்கமுவையிலும் மீட்டியாகொடையிலும் கிடைக்கும் இந்நாட்டில், இதனை இளைஞர்கள் கவனித்து வைத்தல் நன்று.

கம்பியிலும் வேறுபாடு உண்டு. இரும்புத்தாதுவை ஊதுலையில் உருக்கிச் செய்யும் ஒரு தொன் உருக்குக்குப் பின்னால் 2 தொன்னுக்கு மேற்பட்ட காபனீரொட்சைட்டு நிற்கும். பழைய இரும்பை மின்னுலையில் உருக்கிச் செய்தால், மின்சாரம் எவ்வாறு பெறப்படுகின்றது என்பதைப் பொறுத்து, அது ஒரு தொன்னிலும் குறைவாகலாம். பழைய இரும்பை உருக்கிக் கம்பி செய்யும் ஆலைகள் நம் நாட்டிலும் உள்ளன. சுவருக்குச் சூளையிற் சுட்ட செங்கல்லுக்குப் பதிலாக, சிறிது சீமெந்து சேர்த்து அழுத்திய சுடாத மண்கல் உண்டு, அதற்கும் எஸ்.எல்.எஸ். 1382 என்னும் இலங்கைத் தரம் இருக்கின்றது.

ஒரு மண்டபத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 200 சதுரமீற்றர் பரப்பும் 15 சதமமீற்றர் தடிப்பும் உள்ள ஒரு கொங்கிறீற்றுத் தளம் என்று கொள்வோம். 30 கனமீற்றர் கொங்கிறீற்று வேண்டும். கனமீற்றருக்கு 7 பை வீதம் 210 பை சீமெந்து. அதாவது பத்தரைத் தொன். இதனால் உண்டாகும் காபனீரொட்சைட்டு ஏறக்குறைய 9 தொன். சீமெந்தில் நூற்றுக்கு 30 பங்கைச் சாம்பலாற் பெயர்த்தால் இரண்டரைத் தொன்னுக்கு மேல் குறையும். வலுவை ஈடுசெய்யச் சற்றுக் கூடுதலாகப் பசைப்பொருள் சேர்த்தாலும் 2 தொன் மிஞ்சும். அத்தளத்துக்கு 3 தொன் கம்பி போனால், கம்பி எந்த உலையிலிருந்து வந்தது என்பதனால் வேறு 3 அல்லது 4 தொன் வித்தியாசம் வரலாம். இலங்கையர் ஒருவர் ஆண்டு முழுவதும் வெளிவிடும் காபனீரொட்சைட்டு சராசரி ஒரு தொன் அளவினதே. இரண்டு வரி எழுதினால் ஐந்தாறு பேரின் ஓராண்டுக் கணக்கு ஒரு தளத்திலே குறைகின்றது.

பழைய பத்திரமே தடை

பொருள் இருக்கின்றது, அறிவும் இருக்கின்றது. பின் ஏன் நடைபெறவில்லை? நமது பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலானவை முன்னைய கட்டடம் ஒன்றின் பத்திரத்தைப் பெயரை மாற்றிப் பிரதி செய்தவை. அவற்றிலே மூன்று வாசகங்கள் திரும்பத் திரும்ப வரும்.

முதலாவது, "சாதாரண போட்லன்ட் சீமெந்து மட்டுமே பாவிக்கப்படும்" என்பது. இந்த "மட்டுமே" என்ற ஒரு சொல், எஸ்.எல்.எஸ். 1247 என்னும் தரத்துக்கமைய முறையாகச் செய்த கலப்புச் சீமெந்தையும் வாசலிலேயே தடுத்துவிடுகின்றது.

இரண்டாவது, "ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு" என்னும் கலவை. ஒரு பங்கு சீமெந்து, இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு சல்லி. மேசன்மார் மனப்பாடமாய் அறிந்த இம்முறை சிறு வேலைக்கு எளிது. ஆனால் என்ன வலு வேண்டும் என்று கேளாமல், என்ன போட வேண்டும் என்று மாத்திரம் சொல்லுகின்றது. அதனால் திறமையாகக் கலந்து குறைந்த சீமெந்தில் அதே வலுவைத் தருகின்றவருக்குப் பத்திரத்திலே இடமில்லை.

மூன்றாவது, ஒரு பொருளின் பெயரைச் சொல்லி "அல்லது அதற்கு நிகரானது" என்று முடிப்பது. நிகர் என்றால் எதிலே நிகர்? விலையிலா, நிறத்திலா, வலுவிலா? சொல்லாதபடியால் மலிவானது எதுவோ அதுவே நிகராகிவிடுகின்றது.

பிற நாட்டார் எழுதியவை

விவரக்கூற்றில் உமிழ்வை எழுதுவது வெறும் கற்பனையன்று. அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலம் 2017 இல் ஒரு சட்டம் இயற்றியது. கட்டமைப்பு உருக்கு, கொங்கிறீற்றுக் கம்பி, தட்டைக் கண்ணாடி, கனிமநார் வெப்பக்காப்புப் பலகை ஆகிய நான்கு பொருள்களையும் அரசாங்க வேலைகளுக்குக் கொள்வனவு செய்யும்போது, ஒவ்வொன்றுக்கும் விதித்த உமிழ்வு எல்லைக்குள் இருத்தல் வேண்டும் என்றது. 2022 நடுப்பகுதியிலிருந்து அந்த எல்லைகள் நடைமுறைக்கு வந்தன.

அதே மாநிலத்து மரின் மாவட்டம் 2019 நவம்பரில் கொங்கிறீற்றுக்கென்று விதி செய்தது. அவ்விதியின் அமைப்பை நாம் கவனித்தல் வேண்டும். கொங்கிறீற்றின் வலுத்தரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பாதைகளை அது திறந்துவிட்டது. ஒன்று, சீமெந்தின் அளவு இவ்வளவுக்கு மேற்படாது என்று காட்டலாம். அல்லது மொத்த உமிழ்வு இவ்வளவுக்கு மேற்படாது என்று காட்டலாம். சிறு வேலைக்காரருக்கு முதற்பாதை எளிது. பெரிய கலவை ஆலைக்கு இரண்டாவது எளிது. விரைவில் வலுப்பெற வேண்டிய கொங்கிறீற்றுக்கு எல்லையைச் சற்று உயர்த்தியும் கொடுத்தது. கண்டிப்பும் இருந்தது, நடைமுறை அறிவும் இருந்தது.

டென்மார்க் நாடு கட்டடம் முழுவதையும் ஒன்றாக எடுத்தது. 2023 ஜனவரி முதல் 1000 சதுரமீற்றருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்கள், 50 ஆண்டுக் கணக்கிலே, சதுரமீற்றருக்கு ஆண்டொன்றுக்கு 12 கிலோவுக்கு மேற்படலாகாது என்றது. 2025 இல் அதை மேலும் இறுக்கியது. முதலில் தாண்டக்கூடிய வேலி. பின்னர் சிறிது சிறிதாக உயரும் வேலி. இம்முறை நமக்கும் ஏற்றது.

எழுதும் முறை

நிற்க, நாம் எழுதுவதாயின் எப்படி எழுதுவது? ஆறு வரிகளில் ஒரு மாதிரி தருகின்றேன். இலக்கங்கள் உதாரணத்துக்கே, உங்கள் பொறியியலாளர் வேலைக்குத் தக்கபடி திருத்திக்கொள்வார்.

1. தரம் 25 கொங்கிறீற்று, 56 நாளில் விதித்த வலுவைப் பெறுதல் வேண்டும். 28 நாளிலே சுமை ஏற்றப்படும் பகுதிகள் தனியே குறிக்கப்பட்டுள்ளன. அவை 28 நாளில் அவ்வலுவைப் பெறுதல் வேண்டும்.

2. அக்கொங்கிறீற்றின் உமிழ்வு, மூலப்பொருள் தோண்டுதல் முதல் கலவை ஆலையின் வாசல் வரை கணக்கிட்டு, கனமீற்றருக்கு 250 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமமான அளவை மேற்படலாகாது.

3. நிலத்திலே கையாற் கலக்கும் சிறு வேலைகளுக்கு எஸ்.எல்.எஸ். 1247 தரத்துக் கலப்புச் சீமெந்து பாவிக்கப்படும். அதனோடு மேலும் சாம்பல் சேர்க்கலாகாது.

4. கம்பி எஸ்.எல்.எஸ். 375 தரத்துக்கு அமைதல் வேண்டும். உருக்கு எம்முறையிற் செய்யப்பட்டது என்பதற்கு ஆலையின் பத்திரம் தரப்படுதல் வேண்டும்.

5. வேறு பொருளை நிகரானதென்று கொண்டுவருவோர், வலுவிலும் நிலைப்பிலும் உமிழ்விலும் அது நிகரென்று எழுத்தில் நிறுவுதல் வேண்டும்.

6. அத்தாட்சிப் பத்திரங்கள் பொருள் இறங்குமுன் கொடுபடுதல் வேண்டும். கொடுபடாத பொருள் திருப்பி அனுப்பப்படும்.

ஒவ்வொரு வரிக்கும் காரணம் உண்டு. சாம்பல் சேர்ந்த கொங்கிறீற்று மெல்ல வலுப்பெறும். 28 ஆம் நாளில் அளந்து அதனைத் தோற்றதென்று தள்ளிவிட்டால், ஒப்பந்தக்காரர் அடுத்த முறை சீமெந்தையே கூட்டுவார். அதனால்தான் 56 நாள். அத்திவாரம் போன்றவற்றுக்கு அவசரம் இல்லை. அவசரமுள்ள இடத்தை மாத்திரம் பிரித்துக் காட்டினாற் போதும்.

"வாசல் வரை" என்னும் சொற்றொடர் இல்லாவிட்டால், ஒருவர் சீமெந்தை மாத்திரம் கணக்கிடுவார். மற்றொருவர் சல்லி ஏற்றிய லொறியையும் சேர்ப்பார். இரண்டு விலைகளை ஒப்பிடும்போது ஒரே முழக்கோலால் அளக்க வேண்டாமா? இக்கணக்கை எழுதும் முறைக்கு உலக நியமங்கள் உள்ளன. ஐ.எஸ்.ஓ. 14025 என்பதும், கட்டடப் பொருளுக்கென்று ஐரோப்பியர் வகுத்த ஈ.என். 15804 என்பதும் அவற்றுட் சில. அவற்றின்படி உற்பத்தியாளர் வெளியிட்டு, வேறொருவர் சரிபார்த்த சூழற் கணக்குப் பத்திரத்தைக் கேட்கலாம். அது இல்லாத உள்ளூர்ப் பொருளுக்குக் கலவையின் விபரத்தையும், சீமெந்தில் எத்தனை பங்கு கிளிங்கர் என்பதையும் கேட்கலாம். பத்திரம் இல்லை என்ற காரணத்தால் உள்ளூராரைத் தள்ளிவிட்டு, பத்திரத்தோடு கடல் கடந்து வருவதை வாங்குவது அறிவாகாது.

மூன்றாம் வரியிலுள்ள எச்சரிக்கை முக்கியமானது. பையிலுள்ள கலப்புச் சீமெந்தில் ஏற்கெனவே சாம்பல் இருக்கின்றது. அதை அறியாமல் மேலும் சேர்த்தால், இருமுறை குறைத்ததாகும். கட்டடம் அதைத் தாங்காது.

இவற்றுக்கு மேல் இரு காரியங்கள் உண்டு. இவ்வேலைகளுக்கு அளவைப் பட்டியலிலே தனி வரிகள் இருத்தல் வேண்டும். அப்போதுதான் விலை தெரியும், விலை கூடினால் எவ்வளவு கூடியது என்று சபையார் அறிவர். அன்றியும், இவையெல்லாம் கேள்வி கோருமுன்னரே எழுதப்படுதல் வேண்டும். ஒப்பந்தம் கைச்சாத்தான பின்னர் "சாம்பற் சீமெந்து போடுங்கள்" என்றால், அது மாற்றுவேலை. மாற்றுவேலைக்கு ஒப்பந்தக்காரர் கேட்டதே விலை.

எல்லையை எவ்வாறு நிர்ணயிப்பது? உங்கள் ஊருக்குக் கொங்கிறீற்று வழங்கக்கூடிய இரண்டு மூன்று பேரை முன்கூட்டியே அழைத்து, இன்று அவர்கள் தருவது எவ்வளவு, தரக்கூடியது எவ்வளவு என்று கேளுங்கள். இன்றையதற்குக் கீழும், இயலக்கூடியதற்கு மேலும் எல்லையை வையுங்கள். ஒருவரும் தரமுடியாத எல்லை எழுதினால் கேள்விக்கு ஆள் வராது. எல்லோரும் ஏற்கெனவே தருவதை எழுதினால் எழுதியும் பயனில்லை.

மூன்று ஐயங்கள்

பெரியோர்கள் சிலர் மனத்தில் எழக்கூடிய ஐயங்களுக்கும் விடை கூறுதல் என் கடமை.

"சீமெந்தைக் குறைப்பது களவுக்கு வழிவிடுவதாகாதா?" என்பது முதல் ஐயம். மிக நியாயமான ஐயம். ஊரிலே மண்டபம் கட்டும்போது சீமெந்துப் பையை எண்ணுவதற்கென்றே ஒரு பெரியவரைக் கதிரை போட்டு இருத்துவது வழக்கம். அந்த வழக்கம் காரணமின்றி வந்ததன்று. ஆனால் பையை எண்ணுவது, எத்தனை பை உள்ளே போயின என்பதை மாத்திரமே காட்டும். கொங்கிறீற்று வலுவானதா என்பதைக் காட்டாது. தண்ணீரைக் கூட்டி ஊற்றினால் எத்தனை பை போட்டும் பயன் இல்லை. ஆகையால் எண்ணும் பெரியவருக்குப் புதிய வேலை கொடுப்போம். சீமெந்துக்குத் தண்ணீர் எவ்வளவு என்று அளக்கட்டும். கனவடிவக் கட்டிகள் வார்த்து, நாள் குறித்து, சோதனைச்சாலைக்கு அனுப்பட்டும். தண்ணீர் விட்டு ஈரங்காத்த நாள்களை எண்ணட்டும். சாதாரண சீமெந்துக்குக் குறைந்தது 7 நாள், கலப்புச் சீமெந்துக்கு 10 நாள் என்று இந்திய நியமமாகிய ஐ.எஸ். 456 விதிக்கின்றது. கலப்புச் சீமெந்தை நான்கு நாளிற் காயவிட்டு, பின்னர் சீமெந்தின்மேற் பழி போடுவது நீதியன்று. களவைத் தடுப்பது கூடுதற் சீமெந்தன்று, சோதனை.

"செலவு கூடாதா?" என்பது இரண்டாவது. சாம்பல் கிளிங்கரிலும் மலிவானது. கலப்புச் சீமெந்து பெரும்பாலும் விலை கூடியதாக இராது. செலவு வேறிடத்தில் வரும். பலகையையும் முட்டையும் சில நாள் கூடுதலாக வைத்திருக்க வேண்டும். அதற்கு வாடகை உண்டு. கும்பாபிஷேக நாளையோ திறப்பு விழா நாளையோ முதலிற் குறித்துவிட்டு, வேலையைப் பின்னாலிருந்து துரத்துகின்ற நமது பழக்கத்துக்கு இது ஒத்துவராது. நாளைச் சற்றுத் தள்ளி வைப்பதே விலை என்றால், அது கொடுக்கக்கூடிய விலைதான்.

"உலகத்தின் உமிழ்வில் நம் தீவின் பங்கு எள்ளளவு, நாம் ஏன் சுமக்க வேண்டும்?" என்பது மூன்றாவது. உண்மை, பெருங்குற்றம் நம்முடையதன்று. உலகச் சராசரி மனிதர் நம்மைப்போல் நான்கைந்து மடங்கு வெளிவிடுகின்றார். ஆனால் மழை பொய்த்தாலும் கடல் ஏறினாலும் துன்பம் பங்குக்குத் தக்கபடி வருவதில்லை. தாழ்ந்த கரைகளையே முதலிற் தேடிவரும். அன்றியும், நாம் குறைப்பது உலகத்துக்குச் செய்யும் தானம் மாத்திரமன்று. கப்பலில் வரும் கிளிங்கர் குறையும். வீணாய்க் குவியும் சாம்பல் பயன்படும். உப்புக் காற்றிலே கட்டடம் நீடித்து நிற்கும். வெளிநாட்டுக் கடனிலும் உதவியிலும் நடைபெறும் வேலைகளில் இத்தகைய நிபந்தனைகள் பெருகி வருகின்ற காலம் இது. அவற்றை வாசிக்கவும் எழுதவும் தெரிந்த பொறியியலாளரும் அளவையாளரும் நம் பிள்ளைகளாய் இருப்பது நன்றன்றோ?

இளைஞர்களுக்கு

இளைஞர்களே, உங்களுக்கு இறுதியாக ஒன்று. உமிழ்வு குறைந்த பொருள் எது என்று கேட்குமுன், இவ்வளவு பொருள் வேண்டுமா என்று கேளுங்கள். 15 சதமமீற்றர் போதுமான இடத்தில் 20 எழுதியிருந்தால், எந்தச் சீமெந்தும் அந்தத் தவறைச் சரிசெய்யாது. நல்ல சுவரோடு நிற்கும் பழைய மண்டபத்தை இடித்துப் புதியது கட்டுமுன், கூரையை மாற்றினாற் போதாதா என்று பெரியோரிடம் மரியாதையோடு கேளுங்கள். கட்டாத கட்டடத்தின் உமிழ்வு பூச்சியம்.

கேட்ட பின்னரும் கட்டத்தான் வேண்டும் என்றால், வந்து எழுதுங்கள். 2014 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தினால் நிர்மாணத்துறைக்கென்று ஓர் அதிகாரசபை இந்நாட்டில் இருக்கின்றது. கட்டளைகள் நிறுவனத்தின் தரங்கள் இருக்கின்றன. அவர்கள் யாவரும் கட்டாயப்படுத்தும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. தன் கட்டடத்தின் விவரக்கூற்றில் எதை எழுதுவது என்பது கட்டுவிப்பவரின் உரிமை. ஒரு சிறிய வாசிகசாலைக் குழுவுக்கும் அவ்வுரிமை உண்டு.

இம்மன்றத்தின் மூத்தோரிடம் நான் வேண்டுவது இதுவே. அடுத்த முறை உங்கள் சபையிலே ஒரு கட்டடத்துக்குக் கேள்விப் பத்திரம் தயாராகும்போது, கையொப்பமிடுமுன் ஒரு நாள் பொறுங்கள். அப்பத்திரத்தைப் படிக்கும் பிள்ளைகள் இருவரை அழைத்து, "மட்டுமே" என்ற சொல் எங்கே, "நிகரானது" என்ற சொல் எங்கே என்று தேடச் சொல்லுங்கள். அவ்விடங்களில் மேலே சொன்ன ஆறு வரிகளும் பொருந்துமா என்று பொறியியலாளரைக் கேளுங்கள். பொருந்துவதை எழுதிய பின்னர் கையொப்பமிடுங்கள். அதற்குச் செலவாவது ஒரு மாலைப்பொழுது. அக்கட்டடமோ நம் பேரப்பிள்ளைகளின் காலம் வரை நிற்கப்போவது.